பன்னிரண்டாவது நிமிடம்

சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். நம்புகிறவர்கள் நம்புங்கள். பேய் இருட்டில்தான் வரும் என்று சொல்கிறவர்களை மட்டும் ஆடி மாதம் இடுக்கி ஏலமலையில் இருக்கும் வண்டன்மேட்டுக்கு அனுப்பி வையுங்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில்.

நான் யோகப்பிரியா. சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை. ஏலக்காயில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் தனியார் லேபில் வண்டன்மேட்டில் வேலை. வெளிநாட்டுக்காரன் வாய்க்குப் போகிற காய்க்குத்தான் இந்த மரியாதை. மருந்தடிக்கிறவன் வாயை எவன் பார்த்தான்? சீசனில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

காயை அரைத்து, சாறு இறக்கி, ஒரு சொட்டை மெஷினில் ஏற்றுவோம். உள்ளே முடி கனத்தில் ஒரு நீளக் குழாய். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நிமிடத்தில்தான் அதிலிருந்து வெளியே வரும். வந்தால் கம்ப்யூட்டரில் கோடு கூம்பாக எழும். நடுநடுவே வெறும் கரைப்பானை மட்டும் ஓட்டுவோம். அதற்குப் பேர் பிளாங்க். கோடு தட்டையாகப் போனால் மெஷின் சுத்தம் என்று அர்த்தம்.

அன்றைக்கு மத்தியானம். வெளியே மூடுபனி. சாம்பிள் வாங்கும் ஜன்னலில் ஓர் ஆள் நின்றார். சட்டையெல்லாம் ஈரம். ஆனால் மழை இல்லை.

"தங்கதுரைங்க தாயி. எஸ்டேட்டுல மருந்தடிக்கிறேன். இதுல மருந்து நிக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

வலது கையை நீட்டினார். ஒரு பிடி பச்சைக்காய். செம்மண் அப்பியிருந்தது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ஏனுங்க, இதென்ன பலசரக்குக் கடைங்களா? எஸ்டேட் சீல் எங்க?"

"மருந்து வாடை கொமட்டும் தாயி. அப்ப இந்தக் காயைத்தான் பறிச்சு வாயில போடுவோம். என் வீட்டுக்காரி ஒச்சம்மாவும் போடுறா. அவளுக்காகத்தான்…"

மருந்தடித்த கையோடே, அடித்த செடியிலிருந்தே பறித்து மெல்கிறார்கள்! காயை வாங்கிக்கொண்டேன். ரசீது எழுதி நிமிர்ந்தேன்.

ஆள் இல்லை.

காயை இடித்தேன். மணமே இல்லை. இடித்த ஏலக்காய்க்கு மணம் இல்லாமல் இருக்குமா?

மெஷினில் ஏற்றினேன். டக்… ஸ்ஸ்… ஊசி இறங்கியது. முதலில் ஏலக்காய் எண்ணெயின் கூம்பு வர வேண்டும். வரவில்லை. கோடு தட்டையாகவே போனது. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரே ஒரு கூம்பு. திரையின் உச்சியை முட்டியது. ஏலச்செடிக்கு அடிக்கவே கூடாத மருந்து.

பிளாங்க் ஓட்டினேன். பன்னிரண்டாவது நிமிடம்… அதே கூம்பு.

குழாயைச் சூடேற்றிக் கழுவி, மறுபடி பிளாங்க். அதே கூம்பு. இன்னும் உயரமாக.

ஜன்னல் பக்கம் யாரோ ஓங்கரிக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். பனிதான்.

அடுத்த பிளாங்க் பாதியில் கரண்ட் போனது. பம்பின் ரீங்காரம் நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில்…

மெஷின் செத்துக் கிடந்தது.

கோடு நகர்ந்தது.

பத்து… பதினொன்று…

எழுந்தது.

"அய்யோ!" என்று அலறிவிட்டேன். மலையாளி மேலாளர் ஜிஜோ ஓடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். திரையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. ஆனால் வாய் வேறு பேசியது.

"நம்பர் இல்லாத்த சாம்பிள் எதுக்கு ஓட்டினே? ரிப்போர்ட் ஒண்ணும் கொடுக்கண்டா. எஸ்டேட்காரன் அறிஞ்சா நம்ம பணி போகும்."

தூ! இதுவும் ஒரு பிழைப்பு.

மறுநாள் காலை, எஸ்டேட் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஒச்சம்மா யார் என்று கேட்டதும் ஒரு பெண் திரும்பினாள். தோளில் மருந்துக் குழாய். ஒரு கன்னம் உப்பியிருந்தது.

"துப்புங்க! மொதல்ல அதைத் துப்புங்க! அது அத்தனையும் விஷமுங்க!"

பயந்துபோய்த் துப்பினாள். "யாரும்மா சொன்னது?"

"உங்க வீட்டுக்காரருதானுங்க. நேத்து மத்தியானம் ஒரு பிடி காய் கொண்டாந்து குடுத்தாரு."

அவள் என்னையே பார்த்தாள்.

"நேத்து அவுகளுக்குப் பதினாறாம் நாள் காரியம்மா."

என் கையைப் பற்றிக்கொண்டு கேட்டாள்.

"எந்தக் கையில வச்சிருந்தாக?"

"வலது கையில…"

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "மருந்தடிக்கையிலதான் விழுந்தாக. மாரடைப்புன்னு எழுதிக் குடுத்துட்டாக. மெல்லுறதுக்குப் பறிச்ச காயோட கை இறுகிப் போச்சு. எத்தனை பேரு விரிச்சும் விரியலை. அப்படியே பொதைச்சோம்."

ஜீப் ஹாரன் அடித்தது. மடியில் கட்டியிருந்த காயையெல்லாம் என் கையில் கொட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள், மருந்தடிக்க. போகாவிட்டால் அடுப்பு எரியாது.

ஜிஜோ குழாயைப் புதிதாக மாற்றினார். பலனில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் இன்றைக்கும் அந்தக் கூம்பு எழுகிறது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் கோடு தட்டையாகப் போகும். அது ஏன் என்று வெகு நாள் எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஒச்சம்மாவுக்கு லீவு.