இத்தாலிக் கொடி போட்ட கிடார் பெல்ட்

என் கணவர் இறந்த பிறகு, அவருடைய கிடாரை எங்கள் மகள் ஜெனிதான் குன்னூர் சர்ச்சில் வாசித்து வந்தாள். தோளில் மாட்டும் பெல்ட் நைந்துபோனதால், ஊட்டி மார்க்கெட்டில் புதிது வாங்கப் போனேன். ஒரு பெல்ட்டின் அட்டையில் இத்தாலிக் கொடியும், பெரிய எழுத்தில் ‘இத்தாலி’ என்றும் இருந்தது.

“அசல் தோலுங்களா?” என்று கேட்டேன்.

“இத்தாலி சரக்குங்க. காலத்துக்கும் உழைக்குமுங்க” என்றார் கடைக்காரர். மறுபேச்சில்லாமல் வாங்கிவிட்டேன்.

கல்லறைத் திருநாளன்று ஆளையே நனைக்கும் பனிமூட்டம். ஜெனி அப்பாவின் கல்லறை முன் நின்று வாசித்துக்கொண்டிருந்தபோதே பெல்ட் அறுந்தது. கிடார் சிமென்டில் விழுந்து கழுத்து முறிந்தது. அறுந்த இடத்தில் தோலே இல்லை. ஊறிப்போன காகித அட்டைதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பெல்ட்டோடு வந்த அட்டையைத் தேடி எடுத்தேன். ‘இத்தாலி’க்குக் கீழே பொடி எழுத்தில் ‘டிசைன்’ என்று இருந்தது. தயாரித்த நாட்டின் பெயர் மேல் விலை ஸ்டிக்கர். உரித்துப் பார்த்தேன். இத்தாலி இல்லை.

இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் ஸ்டிக்கரை உரித்துக் காட்டச் சொல்கிறேன். கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

“வா ஜெனி, நல்ல பெல்ட்டா பாத்து வாங்கலாம்” என்றேன்.

“எதுல மாட்டறதும்மா?” என்று கேட்டாள்.