கருத்தையாவின் காலி பாட்டில்

ஐந்தாவது தடவையாக வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, பாட்டிலின் வாயை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார் கருத்தையா. திருப்தி இல்லை. எலுமிச்சைத் தோலைக் கிள்ளி உள்ளே போட்டு ஆறாவது தடவை குலுக்குகிறார். "வாடை நிக்கிது சார்" என்கிறார். நானும் முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை வாசனைதான் வந்தது. சொன்னால் நம்புகிற ஆளாகத் தெரியவில்லை.

அது ஒரு குவார்ட்டர் பாட்டில். கழுவி முடித்ததும் பால் விடாத டீயை அதில் நிரப்பி, கிழிந்த சட்டையோடும் கைலியோடும் மஞ்சள் பைக்குள் வைப்பார். ஐம்பத்து மூன்று வயது. கல்லலில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வீடு. முன்பு திருவிழா நாடகங்களில் பபூன் வேஷம் கட்டியவர், எட்டு வருஷமாகப் போதை ஒழிப்புப் பிரச்சாரத்தில் குடிகாரன். காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளியில், கல்லூரியில் விழிப்புணர்வு வீதி நாடகம் என்றாலும், குழுவை நடத்தும் சத்தியப்பிரியா முதலில் இவருக்குத்தான் போன் செய்வார். இத்தனைக்கும் கருத்தையா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை.

குடிக்காமலே அந்த நடை எப்படி வந்தது என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, குடித்துவிட்டு வருகிறவர்களின் கால்களையே பார்த்துப் பழகினாராம். அந்தப் பழக்கம் போகவில்லை. யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத்தான் பார்க்கிறார். அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் வாசலில் வந்து நின்றபோதும் என் செருப்பிலிருந்துதான் தொடங்கினார்.

"குடிச்சவன் ஆடணும்னு ஆடுறதில்ல சார். நேரா நடக்கணும்னுதான் படாத பாடு படுறான். நாம அதச் செஞ்சாப் போதும், ஆட்டம் தானா வந்துரும்."

அன்று அமராவதிபுதூர் பக்கம் ஒரு கல்லூரியில் நிகழ்ச்சி. வரவேற்புரை, பொன்னாடை, இன்னொரு பொன்னாடை, இளைய சமுதாயத்தைப் பற்றி முக்கால் மணி நேரம். வெயிலில் உட்கார்ந்திருந்த இளைய சமுதாயம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கருத்தையா கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நாலே எட்டுத்தான் வைத்திருப்பார், கூட்டம் விசிலடித்துக் கொண்டாடியது. கம்பத்தை மாமா என்று கூப்பிட்டு நலம் விசாரித்தார். தன் நிழலிடம் வழி கேட்டார். நானும் சிரித்தேன், வெட்கமில்லாமல் சிரித்தேன். கடைசிக் காட்சியில் மனைவியும் பிள்ளைகளும் அழ, அவர் விழுந்து செத்துப்போக வேண்டும். விழுந்தார். அதற்கும் சிரித்தார்கள். எல்லோரும் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். முடிந்ததும் பத்துப் பதினைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு, அவர் மாதிரியே தள்ளாடி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர் எல்லாப் போட்டோவுக்கும் நின்றார், எதிலும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி மகனைப் பற்றிச் சொன்னார். பாண்டிமுருகனுக்கு இருபத்தொரு வயது. காரைக்குடியில் அல்லாபிச்சை என்பவரின் வெல்டிங் பட்டறையில் வேலை. போன வருஷம் ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் வந்தவன், வாசல்படியில் காலைத் தேடித் தேடி வைத்தான். வீரலட்சுமி, கருத்தையாவின் மனைவி, விழுந்து விழுந்து சிரித்தாளாம், அப்படியே அப்பன் நடை என்று. மறுநாளும் அப்படியே வந்தான். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். பிள்ளை நடிப்புப் பழகிப் பார்க்கிறான் என்றே வீடு நினைத்தது. வாடை அடிக்கவில்லையா என்று கேட்டேன். அடித்ததாம். அப்போதெல்லாம் நாடகத்துக்குக் கடை வாசலில் கிடக்கிற பாட்டிலை அப்படியே எடுத்துப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுவார். வீட்டில் எப்போதும் அந்த வாடைதான். எப்போது அடித்தாலும் எல்லோரும் பையைத்தான் பார்த்தார்கள்.

"நான் சொல்லிக் குடுத்தேன் சார். குதிகால அழுத்தாத, முன்னங்கால்ல நட, அப்பத்தான் சனம் நம்பும்னேன். அவன் தலைய ஆட்டுனான். நமக்கப்புறம் ஒருத்தன் வந்துட்டான்னு எனக்குச் சந்தோசம்."

மூன்று மாதம் அந்தச் சந்தோஷம் இருந்தது. ஒரு நாள் அல்லாபிச்சையே கிளம்பி வந்துவிட்டார். வந்தவர் உட்காரவில்லை. "கருத்தையாண்ணே, பய மத்தியானமே போட்டுட்டு வாரான். நம்ம தொழிலு நெருப்புல்ல. ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாராம். எட்டு வருஷமாக ஊர் ஊராகப் போய் அடையாளம் காட்டிக்கொண்டிருந்தவருக்குத் தெரியவில்லை. சிவகங்கையில் இருபத்தொரு நாள் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். அல்லாபிச்சை மறுபடியும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். இப்போது ஐந்து மாதமாகப் பையன் தொடவில்லை. திரும்பவும் தொட்டால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகும் இந்த வேஷம் எதற்கு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு தடவை சிரிப்பே வராமல் செய்து பார்த்தாராம். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், போன தடவை மாதிரி இல்லையே என்று ஆசிரியர்களும் குறைப்பட்டார்கள். "சிரிச்சாத்தான் நிக்கிறாக. நின்னாத்தான் கேக்குறாக. கேட்டு என்னத்தக் கண்டாகன்னு நீங்க கேக்குறீக. என் வீட்டுல கேக்கல, வேற என்னத்தச் சொல்ல" என்றார். சலித்துப்போன குரல். அந்த அலுப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் பையை அவிழ்த்தார். மீதி டீயைக் கொட்டிவிட்டு மறுபடியும் பாட்டிலைக் கழுவ உட்கார்ந்தார். வீட்டில் அந்தச் சாராய வாடையே இருக்கக் கூடாது, இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும் என்பது இப்போது அவர் கணக்கு. ஆறரை மணி இருக்கும். தெருமுனையில் பாண்டிமுருகன் திரும்பினான். பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவன், ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான். கருத்தையாவின் கை நின்றுவிட்டது. குலுக்கிய தண்ணீர் பாட்டிலுக்குள் அடங்கும்வரை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த வீரலட்சுமியும் சிரிக்கவில்லை.

பையன் அதைக் கவனித்திருக்க வேண்டும். நாலைந்து அடி முன்பாகவே நின்று, குனிந்து செருப்பைக் கழற்றித் தூக்கிக் காட்டினான். வார் அறுந்திருந்தது. கருத்தையா எழுந்து போய் அதைக் கையில் வாங்கினார். வாரை இழுத்துப் பார்த்தார். அறுந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். செருப்பைத் திருப்பிக் கொடுக்காமல் அப்படியே நின்றார்.

பாண்டிமுருகன் தினமும் செய்கிற காரியம் போல, தன்னைவிடக் குள்ளமான அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயைத் திறந்து ஊதினான். கருத்தையா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தார்.