பொட்டு வைக்காத மூன்றாவது வரிசை

மஞ்சுளா வேதியியல் பட்டதாரி. ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர் நிலையத்தில் அவருக்குக் கிடைத்ததோ தரை கூட்டும் வேலை. ஆபரேட்டர் நாற்காலி முதலாளியின் அக்கா மகன் கோகுல்ராஜுக்கு. படிப்பைக் கேட்கும் முன்பே தெருவைக் கேட்கிற ஊரில் இதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை, வழக்கம் என்றார்கள்.

கூட்டிக்கொண்டே அவர் இயந்திரத்தைப் படித்தார். மூன்று வரிசைக் குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பாய் போலச் சுருட்டிய பாலிமர் சவ்வு. பம்பு தள்ளும் வேகத்தில் தண்ணீர் சவ்வைக் கடந்துவிடும். சாயம் இந்தப் பக்கமே நிற்கும். சவ்வில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் ஈரம் மட்டும் காயக் கூடாது.

சென்ற ஆயுத பூஜைக்கு முந்தின நாள், லாரியைக் கழுவுவது போல இதையும் கழுவ ஆரம்பித்தான் கோகுல்ராஜ். சவ்வுகளை உருவி வெயிலில் அடுக்கச் சொன்னான்.

"காஞ்சா துளை சுருங்கிப் போயிருமுங்க. அப்பறம் குடங்குடமா ஊத்துனாலும் விரியாதுங்க," என்றார் மஞ்சுளா.

"நோம்பியன்னிக்கு மெசினுக்கும் ரெண்டு நாள் ஓய்வு வேண்டாமா?" என்றார் முதலாளி மோகன்குமார்.

"ஓய்வெடுக்க இது மாடுங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளிக்குச் சுருக்கென்றது.

"சரி, மூணாவது வரிசை உன்னுது. அதுக்குப் பொட்டும் கெடையாது, பொரியும் கெடையாது. கெட்டுப்போச்சுன்னா நீ கேட்டுக்கு வெளிய."

"கெடலைன்னா நாற்காலி எனக்குங்களா?"

"எடுத்துக்க!"

நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

மஞ்சுளா மூன்றாவது வரிசையில் நல்ல தண்ணீர் நிரப்பி, கிருமி வளராமலிருக்க மருந்து கலந்து, வால்வுகளை மூடினார். மற்ற இரண்டின் சவ்வுகளும் சந்தனம் குங்குமத்தோடு வெயில் காய்ந்தன.

பூஜை முடிந்து, சவ்வுகளைப் பொருத்திப் பம்பைப் போட்டார்கள். முதல் வரிசையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இரண்டாவதிலும் அதே கதி. அழுத்தத்தை ஏற்ற ஏற்றப் பம்புதான் அலறியது.

"கண்ணு பட்டிருச்சுங்க மாமா," என்றான் கோகுல்ராஜ்.

மஞ்சுளா மூன்றாவதைத் திறந்தார். மருந்துத் தண்ணீரை வெளியேற்றி, கருஞ்சிவப்புச் சாயநீரை உள்ளே விட்டார். மறுமுனையில் ஏந்திய தண்ணீரில் அவர் கைரேகை தெரிந்தது.

"பொட்டில்லாததுக்கு மட்டும் ஏஞ்சாமி கண்ணு படல?" என்றார் நூல் அலசும் செல்லியம்மாள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "புதுச் சவ்வு வர்ற வரைக்கும் பாத்துக்கம்மா."

"பாத்துக்கறதுக்கு இல்லீங்க. பதிவேட்டுல எம்பேரு ஏறோணும். ஆபரேட்டர்னு."

அந்த ஒற்றை வரிசை நின்றால் பட்டறையே நிற்கும். முதலாளி எழுதினார்.

இந்த ஆண்டு பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்த முதலாளியை மஞ்சுளா வாசலிலேயே நிறுத்தினார்.

"குழாய்க்கு வேண்டாங்க. ஆசைப்பட்டா நாற்காலிக்கு வெச்சுட்டுப் போங்க."