யாருக்கும் தெரியாத ஆட்டக்காரர்

மொன்ட்ரியாலின் டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றும் வேலையில் என்னோடு இருந்தவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, மழுங்கச் சவரம் செய்த முகம். பேஸ்போல் ஆட்டக்காரர்களின் படம் அச்சடித்த பழைய அட்டைகளைச் சேர்த்துவந்தார். புகழ்பெற்றவர்கள் அவருக்கு வேண்டாம். ஓரிரு வருடம் ஆடிவிட்டுக் காணாமல் போனவர்களைத்தான் தேடுவார். கைகழுவித் துடைக்காமல் அட்டைகளைத் தொடமாட்டார்.

மொன்ட்ரியாலின் பேஸ்போல் அணி வேறு நகரத்துக்குப் போய்விட்ட அடுத்த வருடம், ஒரு சனிக்கிழமை, என்னை ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிப்போனார். ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம் அட்டையொன்றை நீட்டி, "மெஸ்யூ, இது நீங்கள்தானே?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

கிழவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார்.

இவர் மன்னிப்புக் கேட்டு, ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டு நடந்தார்.

"அண்ணை, அந்தாள்தானே? புருவத்தில இருக்கிற தழும்பு படத்திலயும் இருக்கு," என்றேன்.

"ஓம், அவர்தான்."

"அப்ப ஏன் பேசாமல் வாறியள்?"

"அவர் இல்லையெண்டு சொல்லிப்போட்டார். ஓமெண்டு சொல்லவைக்க நான் ஆர்?"

அதன் பிறகும் அவர் அங்கேதான் ஆப்பிள் வாங்கினார். ஒருமுறை நானும் கூடப் போனேன். அவரும் கிழவரும் வணக்கமாகப் போன்ஜூர் சொன்னார்கள், நன்றியாக மெர்சி சொன்னார்கள், வேறு பேச்சில்லை. ஆனால் மற்றவர்களுக்கு அள்ளிப் போட்ட கிழவர், இவருக்கு மட்டும் ஒவ்வொரு பழமாகப் பார்த்துப் பொறுக்கினார்.