பட்டன் அக்காவின் வலது கை

கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்த அவளுக்குப் பட்டன் அக்கா என்றுதான் பெயர். பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றக்கூட விடமாட்டாள். நிற்கவைத்தே பட்டன் தைத்து, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிடுவாள். கத்தரிக்கோல் மேஜையில் சும்மா கிடக்கும்.

அந்த வலது முன்கையில்தான் புற்றுநோய்க் கட்டி வந்து தொலைத்தது. கையையே எடுக்கவேண்டி வரலாம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு கட்டியை மட்டும் அறுத்தெடுத்து, அந்த இடத்தில் மெல்லிய குழாய்களைப் பதித்துத் தைத்தார்கள். காயம் கொஞ்சம் ஆறியதும் குழாய்களுக்குள் கதிர்வீச்சை உமிழும் கடுகளவு மணி ஒன்றைக் கம்பி நுனியில் அனுப்பி, ஒளிந்திருக்கிற மிச்சத்தையும் கருக்கிவிட்டால் கை பிழைக்கும். குழாய் நகராமலிருக்க, வெளியே தெரிந்த நுனிகளில் குட்டிக் குட்டிப் பட்டன் வைத்துத் தோலோடு தைத்திருந்தார்கள்.

"உன் கையிலயே உனக்குக் கடை வச்சுக் குடுத்துட்டாங்க" என்றார் கணவர். பெயின்டர், எந்த நேரத்திலும் கிண்டலை விடாத மனுஷன்.

வலி மருந்து அவளை மிதக்கவிட்டது. மத்தியான வெயில் திரைச்சீலையில் மஞ்சளாக ஊறியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாளா, தையல் மெஷின் முன்னால் இருக்கிறாளா, பிடிபடவில்லை. யாரோ ஒரு சட்டையை நீட்டினார்கள். பட்டனில் நூல் தொங்கியது. சீ, யார் தைத்த லட்சணம் இது! குனிந்து கடித்து இழுத்தாள்.

சுருக்கென்று வலித்து விழித்தாள். பல்லிடுக்கில் நூல். கையில் ஒரு பட்டன் தளர்ந்து ஆடியது. குழாய் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் கை போச்சு.

"நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க! கடிச்சுத் தொலைச்சுட்டேன்!"

கணவர் கிண்டலை மறந்து வெளியே ஓடினார்.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கதிர்வீச்சுக்குக் கணக்குப் போடுகிற பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு குழாய் கொஞ்சம் நகர்ந்திருக்கும்மா. வெளிய வரல. உடனே சொன்னீங்க, நல்லதாப் போச்சு. அதுக்கேத்த மாதிரி கணக்கை மாத்திடுறோம்." தளர்ந்த பட்டனை டாக்டரே திரும்பத் தைத்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாரும் வெளியேறிக் கதவைச் சாத்த, அறையில் அவளும் இயந்திரமும் மட்டும். டிக் டிக்கென்ற சத்தத்தில், கம்பி நுனியில் அந்த மணி கைக்குள் ஊர்ந்து, நின்று நின்று திரும்புவதாக நினைத்துக்கொண்டாள். வலியே இல்லை. யாரோ உள்பக்கமாகத் தையல் போடுவதுபோல் இருந்தது. போடட்டும், நெருக்கமாகவே போடட்டும் என்று கண்ணை மூடினாள். அப்படியே சில நாள் போயின.

குழாய்களை உருவிய அன்று டாக்டர், "விரலை மடக்குங்க, பாப்போம்" என்றார். அவளுக்குப் பயம். மடங்காவிட்டால்? கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பக்கத்தில் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஐய, சின்னப் புள்ளையா நீங்க?" என்று எட்டி, முந்தானையைப் பிடித்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

துடைத்தது வலது கை என்பதை டாக்டர்தான் முதலில் பார்த்தார்.