திருப்பித் தைத்த பாவாடை

சோடா உப்புத் தண்ணீரில் சிவப்புத் துணி வேகும் வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அம்மா பனியன் கம்பெனியில் ‘வேஸ்ட்டு’ பிரிக்கப் போனவள். அங்கே கழித்துப் போட்ட துண்டுகளில்தான் எங்கள் தலையணை உறை, உள்பாவாடை எல்லாம். “நூலு இருக்கறவரைக்கும் துணி சாகாதுங்க” என்பாள். “பொன்னக்கா போகறப்பப் பாடைத் துணியையும் மடிச்சு வெச்சுட்டுத்தான் போவாங்க” என்று கூட வேலை பார்த்தவர்கள் அம்மாவைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நாங்கள் யாரிடமும் கைநீட்டியதில்லை.

எதிர்வீட்டுச் சரசக்காவின் மகள் வள்ளி, என் வயதுக்காரி, காய்ச்சலில் போய்விட்டாள். அவள் துணிகளை நொய்யல் ஆற்றில் விட்டுவிட்டு, வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் எல்லாரும் வந்தார்கள். அம்மா மட்டும் பிறகு போய், கரையில் ஒதுங்கிய சிவப்புப் பாவாடையை எடுத்துவந்து, வேகவைத்து, தையலைப் பிரித்து, அடையாளம் தெரியாதபடி உள்பக்கத்தை வெளியாக்கி எனக்குத் தைத்துக் கொடுத்தாள். ஓரத்தில் மஞ்சள் நூலால் ஒட்டுப்போட்ட கிழிசலை மட்டும், பிரித்தால் துணி வீணாகுமே என்று விட்டுவைத்தாள். அளவே எடுக்கவில்லை, இடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது.

அன்றே வள்ளியின் நாய் எங்கள் வாசலில் வந்து படுத்துக்கொண்டது, விரட்டியும் போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நான் தெருவில் போகையில், சரசக்கா உள்ளேயிருந்து, என்னைப் பார்க்காமலேயே, “வள்ளி, ஒரு சொம்பு தண்ணி கொண்டா கண்ணு” என்றாள். “வந்துட்டனுங்கம்மா” என்றேன். அந்த வீட்டுச் சமையல்கட்டுக்குள் நான் போனதே இல்லை. கை நேராகச் சொம்பிடம் போயிற்று.

தண்ணீரைக் குடித்தவள் என் பாவாடை ஓரத்தைப் புரட்டினாள். மஞ்சள் நூல் அவள் போட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டே அம்மாவிடம் வந்தாள்.

“இத ஆத்துல உட்டமுங்களே, பொன்னக்கா.”

“துணியத்தானுங்க எடுத்தேன். உங்க புள்ளைய எடுக்கலீங்க.”

“துணி உங்களுக்கே இருக்கட்டுங்க. தெனமும் இதக் கட்டிக்கிட்டு எங்கூட்டுக்கு ஒருக்கா அனுப்பி உடுங்க, போதும்.”

“அப்பறம் எம்புள்ளைய நான் எங்கீங்க போயித் தேடறது?”

அம்மா என்னை உள்ளே இழுத்து, பாவாடையை அவிழ்த்து அடுப்பில் போட்டாள். அவள் ஒரு துணியை வீணாக்கி நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். சாயங்காலம் நாய் எழுந்து போய்விட்டது. ஆனால் கொஞ்சநாள்வரை அம்மா என் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் நான் திரும்புவேனாம்.

இப்போது சரசக்கா வீடும் இல்லை, எங்கள் வீடும் இல்லை. அந்த இடத்தில் மூன்று மாடித் துணிக்கடை நிற்கிறது. பேத்தி அங்கே வாங்குவதை இரண்டு தடவை போட்டுக் கழித்துவிடுகிறாள். பிரித்துத் தைக்க இன்று எந்த வீட்டிலும் ஊசியில்லை. வருஷத்துக்கு இரண்டு சேலை எனக்குப் போதும். “அப்பாயி, நீங்க வாங்காட்டியும் பரவால்லீங்க, வேடிக்க பாக்க வாங்க” என்று போன வாரம் கூட்டிப்போனாள். துணி மடித்துக்கொண்டிருந்த பெண்ணை யாரோ, “வள்ளி!” என்று கூப்பிட்டார்கள்.

அவளுக்கு முந்தி நான் திரும்பினேன்.