கூட வைத்த தட்டு

ஆரணியில் ஒரு தனியார் லேபில் வேலை பார்க்கிறேன். ரத்தம், மலம், ஓட்டல்காரர்கள் அனுப்பும் கறி எல்லாம் எங்களிடம் வரும். கிருமியை வளர்த்துத் தட்டில் பூசி, அதன்மேல் மருந்து தோய்ந்த சின்ன வில்லைகளை வைப்போம். மருந்துக்குக் கிருமி அடங்கினால் மறுநாள் வில்லையைச் சுற்றி வட்டமாக வெறிச்சென்று இருக்கும். அடங்காவிட்டால் வில்லையை ஒட்டியே வளர்ந்திருக்கும். அக்காவோடு சாப்பிட உட்கார்ந்தால் பசியே செத்துவிடும் என்பான் என் தம்பி.

அவன் களம்பூரில் அரிசி லாரி ஓட்டுகிறவன். பட்டுச்சேலை வியாபாரி ஒருவர் வீட்டுக் காதுகுத்தில் கொடுத்தனுப்பிய கோழிக்குழம்பை மறுநாளும் சாப்பிட்டிருக்கிறான். வயிற்றுப்போக்கு, பிறகு காய்ச்சல், பிறகு ஆஸ்பத்திரி. எந்த ஊசிக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. அவன் ரத்தம் எங்கள் லேபுக்கே வந்தது. ஃப்ரிட்ஜில் மீந்திருந்த குழம்பையும் தம்பி மனைவி டிபன் டப்பாவில் கொண்டுவந்தாள்.

இரண்டிலும் ஒரே கிருமி. இரண்டு தட்டிலும் ஒரு வட்டம்கூட விழவில்லை. வில்லைகள்தான் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். அந்த வாரம் கரண்ட் போய், வில்லைகளை வைத்திருக்கும் லேப் ஃப்ரிட்ஜ் நின்றிருந்தது. இத்தனை வருஷத்தில் என் வேலை தப்பாகப் போயிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அதைச் சோதிக்க வழி இருக்கிறது. எல்லா மருந்துக்கும் அடங்குகிற ஒரு சாதுவான கிருமியை லேபில் எப்போதும் வைத்திருப்போம். அதே வில்லைகளை அதன்மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் வட்டம் விழாவிட்டால் குற்றம் வில்லைமேல். விழுந்தால் வில்லையில் குறையில்லை. தம்பியின் கிருமியைத் திரும்பவும் பூசி, கூடவே இன்னொரு தட்டில் இந்தச் சாதுவான கிருமியையும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சோறு வடித்தேன், துணி துவைத்தேன்.

காலையில் திறந்தேன். தம்பியின் தட்டு பழையபடியேதான் இருந்தது. பக்கத்துத் தட்டில் எல்லா வில்லைகளைச் சுற்றியும் வட்டம், பெரிசு பெரிசாக. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் காட்டலாம், அவ்வளவு சுத்தம். ஸ்கேல் வைத்து அளந்து எழுதிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே வேறு மருந்து இருக்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

லேப் வாசலில் காத்துக்கொண்டிருந்த தம்பி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஏதாச்சும் தப்பா வச்சிருக்கலாம் இல்லீங்களா அண்ணி?"

"இல்லம்மா. சரியாத்தான் வச்சேன்."

இதைவிடக் கொடுமையான வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு, வேலூருக்கு வண்டி பேச நடந்தாள்.